பேச்சு நின்றவரின் கட்டிலருகே: பல நோய்கள் சேர்ந்த நோயாளியைப் பரிவோடு கவனிக்கச் செவிலியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காய்ச்சலோடு வந்து, நான்கு நாளில் தணிந்து, மாத்திரைச் சீட்டோடு வீடு திரும்புபவரைக் கவனிப்பது ஒரு வேலை. பக்கவாதம், இருபது வருடச் சர்க்கரை, பழுதான சிறுநீரகம், முதுகின் அடியில் படுக்கைப்புண், நின்றுபோன பேச்சு ஆகிய ஐந்தும் ஒரே உடம்பில் சேர்ந்து வருபவரைக் கவனிப்பது வேறு வேலை. படிக்கும் காலத்தில் இவற்றை ஐந்து பாடங்களாகப் படித்தோம். வார்டில் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகின்றன. ஒன்றுக்குச் செய்யும் நல்லது இன்னொன்றைக் கெடுக்கிறது. குழாய்வழிக் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போகாமலிருக்கத் தலைப்பக்கத்தை உயர்த்தினால் புண்ணின்மேல் பாரம் கூடுகிறது. வலிக்குப் போடும் சில ஊசிகளைச் சிறுநீரகம் தாங்குவதில்லை.

மருத்துவ வார்டுகளில் 22 வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். இந்தப் பணிக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்று. இனிமையாகப் பேசுவதைத்தான் பரிவு என்று பலர் எண்ணுகிறார்கள். இனிமையாகப் பேசிவிட்டு, கஞ்சி வந்துசேராத நேரத்தில் இன்சுலின் போட்டுவிட்டால் அந்த இனிமை நோயாளிக்கு எதற்கு ஆகும்? எந்த வேலையை எதற்கு முன்னால் செய்கிறோம், யாரைக் கேட்டுச் செய்கிறோம் என்பதில்தான் நான் பரிவைத் தேடுகிறேன். ஆகவே இந்த வழிகாட்டியைப் படிப்படியாகவே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு அம்மாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பல வருடங்களில் நான் கவனித்த பலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். வயது 68. மேலே சொன்ன ஐந்தும் இவருக்கு உண்டு. மூளையின் இடப்பக்கத்தில் இரத்தம் அடைத்ததால் வலது கையும் காலும் செயலற்றுவிட்டன, பேச்சும் போய்விட்டது. மூக்கில், வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாயான ரைல்ஸ் ட்யூப்; சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டர். வலது காது பல வருடங்களாகவே கேட்காது. உடனிருப்பவர் மருமகள்.

முதல் படி: கேஸ் ஷீட்டில் இல்லாததைக் கேளுங்கள்

ட்யூட்டி ஏற்றதும் கேஸ் ஷீட்டைப் படிக்கிறோம். நோயின் பெயர், மருந்தின் அளவு, இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் அதில் இருக்கும். அந்த அம்மாவுக்கு எந்தக் காது கேட்கும் என்பது பெரும்பாலும் இருக்காது. அதை உடனிருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். நாற்பது பேர் படுத்திருக்கும் வார்டிலும் அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நான் கேட்கும் கேள்விகள் இவை: வீட்டில் அவரை எப்படி அழைப்பீர்கள்? என்ன வேலை செய்துவந்தார்? எந்தக் காது கேட்கும், கண்ணாடி அணிவாரா, பல்செட் உண்டா? இதற்கு முன் வலி வந்தால் என்ன செய்வார், முனகுவாரா, முகத்தைத் திருப்பிக்கொள்வாரா? எதற்குப் பயப்படுவார்? டாக்டர் கொடுப்பது தவிர வேறு மருந்து, கஷாயம், பொடி ஏதாவது கொடுக்கிறீர்களா? சிகிச்சையைப் பற்றி வீட்டில் முடிவெடுப்பவர் யார்?

கடைசிக்கு முந்தைய கேள்வியைக் கேட்கும்போது குரலில் குற்றச்சாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது. "எதைச் சாப்பிட்டிருந்தாலும் சொல்லுங்கள், சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பாக மருந்து கொடுக்கத்தான் கேட்கிறேன்" என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் உண்மை வரும். அதட்டிக் கேட்டால் மறுநாள் பொட்டலம் தலையணைக்கு அடியில் போய்விடும்.

வேலையைப் பற்றிய கேள்வியை வீண்பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்லும் இந்த அம்மா கோவில் வாசலில் முப்பது வருடங்கள் பூக்கட்டி விற்றவர். அது எதற்குப் பயன்பட்டது என்பதை இரவைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

பதில்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கேஸ் ஷீட்டின் முன்பக்கத்தில் இணைத்துவிடுங்கள். அடுத்த ட்யூட்டிக்கு வருபவர் அதே கேள்விகளை மறுபடி கேட்டு அந்த மருமகளைச் சலிப்படையச் செய்ய வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எங்கே நிற்பது, எப்படிப் பேசுவது

மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு வலப்பக்கப் பார்வையும் போயிருக்கும். வலப்பக்கமாக நெருங்கிக் கையைத் தொட்டால், அவருக்கு அது எங்கிருந்தோ வந்த தொடுகை; திடுக்கிட்டுப் போவார். இந்த அம்மாவுக்கு வலது காதும் கேட்காது. ஆகவே இடப்பக்கமாக வந்து, அவர் முகம் தெரியும் உயரத்துக்குக் குனிந்து, இடது கையைத் தொட்டு, பெயரையும் வந்த காரியத்தையும் சொல்லுங்கள். "அம்மா, நான் சிஸ்டர். உங்களைப் பக்கம் திருப்பிப் படுக்கவைக்கப் போகிறேன்." ஒரு முறைக்கு ஒரு செய்தி மட்டும். பிறகு மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். மூளை பாதிக்கப்பட்டவருக்குச் சொல் உள்ளே போய்ச் சேர நேரம் பிடிக்கும். நாம் இரண்டே நொடியில் பொறுமை இழந்து, அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கிறோம். அவர் முதல் கேள்விக்கான விடையைத் தேடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது வந்து விழுகிறது.

பேச்சு போனவருக்குப் புரிதலும் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பலருக்குக் கேட்பது நன்றாகப் புரியும், சொல்லத்தான் வராது. சிலருக்குப் புரிவதும் குறைந்திருக்கும். எது என்று சோதித்துப் பாருங்கள். "இது ஆஸ்பத்திரிதானே?" என்று கேளுங்கள், பிறகு "நாம் இப்போது பஸ்ஸில் இருக்கிறோமா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினால் அந்தத் தலையாட்டலை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று வந்தால் உங்களுக்கு ஒரு மொழி கிடைத்துவிட்டது. தண்ணீர், வலி, கழிப்பறை, குளிர், வீட்டார் ஆகியவற்றை ஒரு அட்டையில் படமாக வரைந்து இடது கைக்கு எட்டும்படி வையுங்கள்.

இன்னொன்று. சொந்தமாக ஒரு வாக்கியம் பேச முடியாதவர்கூட, பல்லாயிரம் முறை சொல்லிப் பழகியதைச் சொல்லிவிடுவதுண்டு. எண்கள், கிழமைகள், பிரார்த்தனை, தாலாட்டு. "ஒன்று, இரண்டு" என்று நீங்கள் தொடங்கிவைத்தால் "மூன்று" என்று வரும். அதைக் கேட்ட குடும்பத்தார் முகத்தில் ஏற்படும் மாற்றத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பேச்சு திரும்பிவிட்டது என்று அவர்களுக்குத் தவறான நம்பிக்கை கொடுத்துவிடாமல், பேச்சுப் பயிற்சியாளரிடம் மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

நோயாளியின் தலைக்கு மேலே நின்று, அவரைப் பற்றிப் பிறரிடம் பேசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். "இந்தக் கேஸ் எத்தனை நாள் தாங்கும்?" என்று ஒருவர் கேட்டதைப் பேச முடியாத அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணோரம் வழிந்ததை நான் பார்த்தேன்.

மூன்றாம் படி: ஐந்து நோய்க்கும் ஒரே கால அட்டவணை

இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். இதை நான் கற்றது ஒரு தவறிலிருந்து.

பணிக்குச் சேர்ந்த முதல் வருடம், நான் அப்போது வேலை செய்த ஒரு மருத்துவமனையில், குழாய்வழி உணவு எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்குக் காலை இன்சுலினைச் சரியான நேரத்தில், சரியான அளவில் போட்டேன். பிறகு பார்த்தால் குழாய் பாதி வெளியே வந்திருந்தது. மறுபடி போட ஆள் வரத் தாமதமாயிற்று. கஞ்சி அப்படியே நின்றது. ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் கூப்பிட்டாலும் கண் திறக்கவில்லை; நெற்றியும் சட்டையும் நனைந்திருந்தன. பக்கவாதம் முற்றிவிட்டது என்று பதறி டாக்டரை அழைத்தேன். வந்த மூத்த சிஸ்டர் ஒரு சொல்கூடப் பேசாமல் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார். 48. குளுக்கோஸ் ஏறியதும் பெரியவர் கண் திறந்தார். பேச முடிந்தவராக இருந்தால் "மயக்கமாக வருகிறது" என்று அரைமணி நேரத்துக்கு முன்பே சொல்லியிருப்பார். அவருக்காக நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து என் வரிசை இது. கஞ்சி வார்டுக்கு வந்துவிட்டதா? குழாய் உள்ளே சரியான இடத்தில் இருக்கிறதா? சர்க்கரை அளவு எவ்வளவு? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் இன்சுலின் மருந்தைக் கையில் எடுப்பேன். ப்ளெயின் இன்சுலின் எனப்படும் குறுகிய நேர இன்சுலின் அரைமணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்தில் இருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களின் உடம்பிலிருந்து அது மெதுவாகவே வெளியேறும். ஆகவே முன்பு ஒத்துக்கொண்ட அதே அளவு இப்போது கூடுதலாகிவிடலாம். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அது அவசரம். விழுங்கத் தெரிந்தவருக்கு 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கலாம். இந்த அம்மாவைப் போன்றவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. டாக்டரின் உத்தரவுப்படி நரம்புவழி டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ்தான். பேச முடியாத சர்க்கரை நோயாளி திடீரென்று சோர்ந்தாலோ, வியர்த்தாலோ, ஆத்திரப்பட்டாலோ முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

அடுத்து, புண்ணுக்கும் உணவுக்கும் உள்ள மோதல். குழாய்வழி உணவு கொடுக்கும்போதும் கொடுத்து முடித்த பின் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரையிலும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். உயரம் கூடக்கூட உடம்பு கீழ்நோக்கிச் சறுக்கும். அந்த உராய்வில் புண் பெரிதாகும். படுக்கைப்புண் உள்ளவருக்கு நான் 30 பாகையோடு நிறுத்தி, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துவிடுவேன். சறுக்கல் நின்றுவிடும். பக்கம் மாற்றும் வேலையை உணவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வயிறு நிறைந்தவரைப் புரட்டினால் கஞ்சி மேலேறும்.

ஆக அட்டவணை தானாக உருவாகிறது: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, முதலில் பக்கம் மாற்றுதல், தோலைப் பார்த்தல், வாயைச் சுத்தம் செய்தல், குழாயைச் சோதித்தல், அதன் பிறகு உணவு. ஒரே வருகையில் எல்லாம் முடியும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் போய் அவரை எழுப்பினால், பகலில் ஒரு மணி நேரம்கூட அவருக்கு உறக்கம் கிடைக்காது. குழாயைக் கழுவ உணவுக்கு முன்னும் பின்னும் ஊற்றும் 30 மில்லி தண்ணீரையும் கணக்கில் எழுதுங்கள். சிறுநீரக நோயாளிக்குத் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் அந்தச் சிறு அளவுகள் மாலைக்குள் அரை லிட்டரைத் தொட்டுவிடும்.

நான்காம் படி: உடம்பைத் தொடும் வேலைகள்

திரையை இழுத்துவிட்டுத்தான் சேலையில் கை வைக்க வேண்டும். திரை இல்லாத வார்டில் மருமகளை ஒரு போர்வையை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். உடம்பில் வேலை நடக்கும் இடத்தை மட்டும் திறந்து, முடிந்ததும் மூடிவிடுங்கள். தன்னை மூடிக்கொள்ளக் கை எழாதவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

திருப்பும்போது செயலற்ற வலது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அக்குளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கவும் கூடாது. தசைகள் தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும், மாதக்கணக்கில் வலிக்கும். இருவராக நின்று, அடியில் விரித்த துணியைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். முழுவதும் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பெலும்பு முனையில் பாரம் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 பாகை சாய்த்தால் போதும். குதிகால்கள் மெத்தையைத் தொடாமல், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. காற்று நிரப்பிய மெத்தையான ஏர் பெட் போட்டிருந்தாலும் பக்கம் மாற்றுவதை நிறுத்தக் கூடாது. ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியிலேயே புண் வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படுக்கைப்புண்ணின் முதல் நிலை, அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். நம் ஊர்த் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆகவே தொட்டுப் பாருங்கள்: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, தொட்டதும் முகம் சுருங்குகிறதா? படுக்கைப்புண் அபாயத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலில் 6 முதல் 23 வரை மதிப்பெண் உண்டு. 18 அல்லது அதற்குக் கீழே என்றால் புண் வரும் அபாயம் இருக்கிறது. சேர்ந்த அன்றே அதைப் போட்டு எழுதிவிடுங்கள்.

கதீட்டர் பை சிறுநீர்ப்பைக்குக் கீழேயே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. அது இன்னும் தேவையா என்று தினமும் டாக்டரைக் கேளுங்கள். கேட்பார் இல்லாததாலேயே வாரக்கணக்கில் உள்ளே இருந்து கிருமியைக் கொண்டுவரும் கதீட்டர்கள் உண்டு.

ஐந்தாம் படி: வாய்வழியாகக் கொடுக்கும் ஒரு வாய்க் காபி

மருமகள் டம்ளரில் காபி வைத்திருப்பார். "அத்தைக்குக் காபி என்றால் உயிர், சிஸ்டர். ஒரு வாய்தான் கொடுத்தேன்" என்பார். கோபம் வரும். கோபத்தை அடக்கிக்கொள்ளுங்கள், அவர் கொடுத்தது அன்பினால். விழுங்கும் தசை பலவீனமானால் ஊற்றியது மூச்சுக்குழாயில் இறங்கும், இருமல்கூட வராமல் இறங்கும், மூன்றாம் நாள் நிமோனியாவாக வெளிப்படும் என்பதைப் புரியும்படி சொல்லுங்கள். பிறகு அந்த அன்புக்கு ஒரு வழி காட்டுங்கள். விழுங்கும் சோதனை முடியும்வரை, காபியின் மணம் அவர் மூக்குக்கு எட்டும்படி பக்கத்தில் அமர்ந்து குடிக்கலாம். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிடலாம். வெறும் "கூடாது" என்ற சொல்லோடு அனுப்பினால், நீங்கள் நகர்ந்ததும் இன்னொரு வாய் உள்ளே போகும்.

வாயால் சாப்பிடாதவருக்கு வாய் சுத்தம் தேவையில்லை என்று நினைப்பது பெரிய பிழை. காய்ந்த வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கும். மென்மையான பிரஷ், கொஞ்சம் தண்ணீர், பக்கத்தில் நீரை உறிஞ்சியெடுக்கும் சக்ஷன் கருவி.

ரைல்ஸ் ட்யூபின் இடத்தை உறுதிசெய்ய, காற்றை அடித்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அதை நம்ப முடியாது. குழாய் நுரையீரலில் இருந்தாலும் ஏறக்குறைய அதே சத்தம் கேட்கும். புதிதாகப் போட்டதும் எக்ஸ்ரே. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் மூக்கருகே உள்ள அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், உறிஞ்சியெடுத்த நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று தாளில் சோதிப்பதும்தான் சரியான வழி. அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போன்ற மருந்து எடுப்பவருக்கு அந்த அளவு உயர்ந்து காட்டலாம். சந்தேகம் இருந்தால் உணவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மெதுவாகக் கரைவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்துக் குழாயில் விடவும் கூடாது. ஒரு நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

ஆறாம் படி: சொல்லப்படாத வலி

வலி இருக்கிறதா என்று கேட்டுப் பத்துக்கு எத்தனை என்று எழுதுவது பேச முடிந்தவருக்கு. பேச முடியாதவருக்கு மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போடும் பெய்னாட் என்ற அளவுகோல் இருக்கிறது. மறதிநோய் முற்றியவர்களுக்காக உருவானது. இந்த அம்மாவைப் போன்றவர்களிடமும் அந்த ஐந்தையும் பார்க்கும் பழக்கம் நமக்கு உதவும். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கு அரைமணி முன்பே வலிமருந்து கொடுக்க டாக்டரிடம் உத்தரவு வாங்கிவையுங்கள். கட்டைப் பிரித்த பிறகு துடிப்பதைப் பார்த்து ஊசி தேடி ஓடுவது தாமதம். சிறுநீரகம் பழுதானவருக்கு டைக்ளோபினாக் போன்ற வலிமருந்துகள் ஆகாது. வார்டில் கை பழகிய ஊசி என்பதால் யாராவது எழுதிவிட்டால் நினைவூட்ட வேண்டியது நம் கடமை.

செவிலியராகத் தொடங்கி, மருத்துவ சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டராகவும் படித்துத் தேறிய சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில், இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லமான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடம்பின் வலியோடு மனத்தின் வலி, குடும்பத்தைப் பற்றிய கவலை, ஆன்மாவின் தவிப்பு எல்லாம் சேர்ந்ததை அவர் முழுவலி என்றார். பாராசிட்டமால் கொடுத்தும் அடங்காத முனகலைக் கேட்கும்போது எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும். அப்போது மருமகளிடம் "வீட்டில் ஏதாவது நடந்ததா?" என்று கேட்பேன். ஒரு முறை, மகன் மூன்று நாளாக வரவில்லை என்பதுதான் விடையாக இருந்தது. மகன் வந்து கையைப் பிடித்த அன்று இரவு முனகல் குறைந்தது. மருந்தையும் நிறுத்தவில்லை, இரண்டும் வேண்டியிருந்தது.

ஏழாம் படி: இரவு

இரவில்தான் இந்த அம்மா குழாயைப் பிடுங்கத் தொடங்கினார். விரல்கள் போர்வையை ஓயாமல் கிள்ளின, முறுக்கின. திடீரென்று தோன்றி, கூடியும் குறைந்தும் வந்து, கவனத்தைச் சிதறடிக்கும் குழப்பநிலை அவசரமான ஒரு மருத்துவ அறிகுறி. "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. கிருமித் தொற்று, சர்க்கரை இறக்கம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வலி, புதிய மருந்து, உறக்கமின்மை ஆகிய ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். ஓசையில்லாமல் சுருண்டு தூங்கிக்கொண்டே இருப்பவருக்கும் இதே குழப்பநிலை இருக்கலாம். தொந்தரவு கொடுக்காததால் அவர்களை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

கையைக் கட்டிவிடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். இவருக்கு வேலை செய்வது இடது கை ஒன்றுதான். படத்தைக் காட்டுவது, வேண்டாம் என்று மறுப்பது, மருமகளின் விரலைப் பிடிப்பது எல்லாம் அந்தக் கையால்தான். அதையும் கட்டினால் மிஞ்சுவது என்ன? முதலில் மூக்கைப் பாருங்கள்: பிளாஸ்திரி அரிக்கிறதா, குழாய் உரசி நாசித்துவாரம் புண்ணாகியிருக்கிறதா? இடத்தை மாற்றி ஒட்டினால் பாதிப் பேர் பிடுங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

அந்த இரவு மருமகள்தான் சொன்னார்: "சிஸ்டர், அத்தை பூக்கட்டுகிறார்." விரல்களைக் கூர்ந்து பார்த்தேன். முப்பது வருடம் நாரைச் சுற்றி முடிச்சிட்ட விரல்கள் போர்வையில் நாரைத் தேடிக்கொண்டிருந்தன. சுத்தமான பருத்தி நூலை ஒரு முழம் வெட்டி, ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு மறு முனையை அவர் கையில் கொடுத்தேன். விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். குழாயின் பக்கம் கை போகவில்லை. காலையில் சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று தெரிந்தது, அதற்கான மருந்தும் தொடங்கியது. காரணத்தைத் தேடுவதை நூல் ஈடுசெய்துவிடாது. நூலை அவர் கையில் விடும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், கழுத்தருகே போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எட்டாம் படி: உடனிருப்பவர்

மருமகள் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார். இரண்டு வேளை சாப்பிட்டாரா என்பதை அவரிடமே கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை இருக்கிறதா என்று சேர்ந்த அன்றே விசாரித்து, இல்லையென்றால் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவுக்கு வழிகாட்டி அனுப்புங்கள். "பிழைப்பாரா சிஸ்டர்?" என்று நள்ளிரவில் கேட்பார். டாக்டர் சொல்லாத ஒன்றை நாமாகச் சொல்லக் கூடாது. "ஒன்றும் ஆகாது" என்று பொய்யும் சொல்லக் கூடாது. "டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்?" என்று கேட்டு, அவர் புரிந்துகொண்டதைக் கேட்டுக்கொண்டு, காலை ரவுண்ட்ஸில் டாக்டர் அவரோடு உட்கார்ந்து பேசும்படி ஏற்பாடு செய்யுங்கள். அப்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

ஒன்பதாம் படி: டாக்டரிடம் சொல்வதும் அடுத்தவரிடம் ஒப்படைப்பதும்

நோயாளிக்காக நள்ளிரவில் போன் செய்யும்போது சுற்றிவளைக்காமல் நான்கு பகுதியாகச் சொல்லுங்கள்: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் பார்த்ததில் எனக்கு என்ன தோன்றுகிறது, என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் உருவாகி மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. நான்காவது பகுதியைச் சொல்ல நம்மில் பலர் தயங்குகிறோம். "நீங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும் டாக்டர்" என்று சொல்லிவிடுங்கள்.

நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோல், 1974இல் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் வெளியிட்டது, 3 முதல் 15 வரை போகும். பேச்சு போனவருக்கு மொத்த எண்ணை மட்டும் எழுதினால் பொருள் கெடும்; கண், பேச்சு, அசைவு மூன்றையும் பிரித்து எழுதி, பேச்சு பக்கவாதத்தால் போனது என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வருபவர் அவரை நினைவிழந்தவர் என்று எடுத்துக்கொள்வார்.

பத்தாம் படி: வீட்டுக்கு அனுப்புதல்

டிஸ்சார்ஜ் தாள் கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் ஒன்றும் மனதில் நிற்காது. சேர்ந்த மூன்றாம் நாளிலிருந்தே மருமகளைக் கூட நிற்க வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் பார்க்கட்டும், பிறகு நீங்கள் பிடிக்க அவர் செய்யட்டும், கடைசியில் அவர் தனியாகச் செய்ய நீங்கள் பாருங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டில் மகனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எது புரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். எந்த அறிகுறிக்குக் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவர் வாயால் சொல்ல வேண்டும்: மூச்சுத் திணறல், எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, குழாய் வெளியே வந்து இன்சுலின் ஏற்கனவே போட்டுவிட்ட நிலை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைப் பயிற்சியும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. அவர்கள் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேட்டறிந்து, அங்கே தகவல் போய்ச் சேரும்படி செய்யுங்கள்.

கடைசியாக, முதல் நாள் கேஸ் ஷீட்டில் இணைத்த அந்தத் தாளைப் படியெடுத்து மருமகளிடம் கொடுங்கள். நான் கொடுத்தபோது அவர் வாங்கிப் படித்துவிட்டு, பேனாவைக் கேட்டார். என் எழுத்துக்குக் கீழே அவர் ஒரு வரி சேர்த்தார்: "சாயங்காலம் ஐந்து மணிக்கு நூல் கொடுக்க வேண்டும். நானோ அவரோ பக்கத்தில் உட்கார வேண்டும்." அவர் என்று எழுதியது கணவரை.